சூமில் வந்த மாப்பிள்ளை

என் மடிக்கணினியின் திரை செத்துப்போனதும், வயரைக் கொழுவி, கூடத்தில் இருந்த எல்சிடி டிவியில் வேலை செய்யத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. அப்பாவோடு தினமும் சண்டை. அவர் டிவியை எப்போதும் சூமில் வைப்பார். நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, என் கணக்கின் கடைசி வரி காணாமல் போகும். கேட்டால், "ஆக்கள் பெரிசாத் தெரியாட்டிப் பேந்தென்ன டிவி?" என்பார்.

அந்த டிவியில்தான் கனடா மாப்பிள்ளையும் வீடியோ அழைப்பில் வந்தார். பெரியப்பா கொண்டுவந்த சம்பந்தம். சாதகம் பொருந்திவிட்டது, படங்களும் பார்த்தாயிற்று. நான் ஓமென்றால் கலியாணம். எனக்குக் கேட்க இருந்தது ஒரேயொரு கேள்வி: அங்கே வந்த பிறகும் நான் வேலைக்குப் போகலாமா? இந்த வேலையைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை விட்டுவிட்டு ஒருவனுக்குப் பின்னால் போக எனக்கென்ன விசரா?

மடிக்கணினியின் கமரா உயிரோடுதான் இருந்தது. அதை டிவிக்குக் கீழே ஸ்டூலில் வைத்தோம். அப்பா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "மாப்பிள்ளையை வடிவாப் பாப்பம்" என்று சூமை அமத்தினார். திரை நிறைய ஒரு மூக்கு வந்தது.

"அம்மா எங்கை தம்பி?" என்றார் என் பக்கத்தில் இருந்த பெரியப்பா.

"கோயிலுக்குப் போட்டா" என்றார் மாப்பிள்ளை.

நான் என் கேள்வியைக் கேட்டேன். மாப்பிள்ளை கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினார். தாடையைத் தடவினார். பிறகு, "அதைப் பேந்து பாப்பம்" என்றார்.

"பாத்தியே, யோசிச்சுக் கதைக்கிற பெடியன்!" என்று பெரியப்பா உருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பார்க்க இதென்ன மாடு வாங்குகிற விசயமா?

என் அம்மாவின் கவலை வேறு. என் காதுக்குள், "நெத்திக்கு மேலை வெட்டுப்பட்டிருக்கடி. தலைமயிர் இருக்கோ எண்டு ஒருக்காப் பார்" என்றார். ரிமோட்டை எடுத்து அமத்தினேன். படம் சுருங்கி முழுசாக வந்தது.

தலைமயிர் இருந்தது. பக்கத்தில், கோயிலுக்குப் போன அவருடைய அம்மாவும் இருந்தார். தான் கமராவுக்குள் விழவில்லை என்று நினைத்திருக்க வேண்டும், வாயை அசைத்து மகனுக்குப் பதில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை! அப்பா பதறிப்போய் ரிமோட்டைப் பறித்து மறுபடி சூமில் போட்டார். நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போகக் கூடாதே!

"மாமி, நீங்களே சொல்லுங்கோ. நான் வேலைக்குப் போகலாமோ?" என்றேன்.

 மாமி மகனை ஒதுக்கிவிட்டு நடுவில் வந்து இருந்தார்.

"எனக்கு முழங்கால் ஏலாது பிள்ளை. நீர் வேலைக்குப் போனா என்னை ஆர் பாக்கிறது?"

அன்றைக்கு உள்ளதைச் சொன்னது அந்த மனுசி ஒருவர்தான். எனக்குப் பாவமாகவும் இருந்தது.

"உங்கடை மகன் இருக்கிறார்தானே, மாமி."

அந்தப் பக்கம் அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள். "என்ன வாயடி உனக்கு!" என்று பெரியப்பா துள்ளினார். அப்பா தலையில் கைவைத்தார். அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. படுக்கையில் கிடந்த அப்பாவின் தாயை வருசக்கணக்காகக் கழுவித் துடைத்துப் பார்த்தவர் அவர்.

"உந்தக் கேள்வியை நான் அண்டைக்கே கேட்டிருக்க வேணும்" என்றார், அப்பாவைப் பார்த்து.