மாமா எடுத்த ஒரே படம்

அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, பதினெட்டு வயதில் தொடங்கி ஒன்பது பாட்டு நாடகங்களைப் பழக்கி மேடையேற்றியவர். அவற்றில் ஒன்று இடம்பெயர்ந்தோர் முகாமில், சேலைகளைத் திரையாகக் கட்டி நடந்தது. ஆனால் படம் என்று அவர் எடுத்தது ஒன்றுதான். அதில் நான் அரசகுமாரி.

மன்னார்க் கரையிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. கோயிலுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. வீடுகளுக்குக் கூரை இருந்தது, சுவர் இல்லை, சுற்றிவரத் தறப்பாள்தான். இந்த நிலையில், புது நாடகமொன்றைப் போட்டு அதை வீடியோப் படமாகவும் எடுக்கப்போவதாக மாமா சொன்னபோது, “அண்ணைக்கு விசர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா மீன் வெட்டப் போய்விட்டார்.

கடலில் காணாமற்போன மகளைத் தேடி அரசன் கரைகரையாகப் பாடிக்கொண்டு வரும் கதை. கடைசிப் பாட்டு என்னுடையது. இரண்டு மாதம் நான் பாடிய பாட்டில் அது எங்கள் கோழிகளுக்கும் பாடமாகியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் நாடகம் என்றால் இரவில்தான். மாமாவோ பின்னேரம் நாலு மணிக்கு என்றார். மேடையையும் மேற்குப் பக்கமாகப் போட்டார். சனம் வெயிலைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. மன்னார் டவுனிலிருந்து வந்த கலியாண வீடியோக்காரருக்கும் விளங்கவில்லை.

“அண்ணை, நடிக்கிற ஆக்கள் படத்தில இருட்டா விழுவினம். மேடையை மற்றப் பக்கம் திருப்புவம்” என்றார் அவர்.

“சனத்தின்ர முகம் எப்பிடி விழும்?”

“அது நல்ல தெளிவா விழும்.”

“அப்ப சரி” என்றார் மாமா. கமெராவை மேடை ஓரத்தில், சனத்தைப் பார்த்தபடி வைக்கச் சொன்னார்.

என் பாட்டு வந்தது. நான் பாட, கமெரா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்தது. அதைத் திருப்பிவிடலாம் என்று இன்னும் உரத்துப் பாடினேன். அது திரும்பவில்லை. பின்னுக்கு நின்றவர்களை, மதகில் ஏறி இருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனது.

இரண்டு கிழமையால் வாசிகசாலைத் தொலைக்காட்சியில் படம் போட்டார்கள். நான் அடுப்பில் வைத்த சட்டியின் அடியைப்போலக் கறுப்பாக இருந்தேன். சனம்தான் பளிச்சென்று தெரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. திடீரென்று பக்கத்து வீட்டு மாமி எழும்பினார்.

“தம்பி, அதில நிப்பாட்டு.”

திரையில் அவருடைய கணவர் நின்றார்.

“நான் இஞ்ச பக்கத்திலதானே இருக்கிறன்” என்றார் கணவர்.

“நீங்கள் சும்மா இருங்கோ. கலியாண அல்பம் இடம்பெயர்ந்து ஓடேக்க விட்டிட்டு வந்தது. உங்கட படமெண்டு என்னட்ட ஒண்டுமில்லை.”

அதற்குப் பிறகு நாடகத்தை யாரும் பார்க்கவில்லை. அதில நிப்பாட்டு, இதில நிப்பாட்டு என்று ஆளுக்கொரு இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு படத்தின் சீடிப் பிரதி ஒன்று கேட்டார்கள்.

நான் மாமாவிடம் நேரே போனேன்.

“என்ர முகத்தை ஏன் எடுக்கேல்லை?”

“உன்ர பாட்டு முழுக்க இருக்குதே, பிள்ளை.”

“முகம்?”

“அடுத்த படத்தில பிள்ளையை மட்டும் எடுப்பம்.”

ஒரு கிழமை அவரோடு நான் கதைக்கவில்லை.

அடுத்த படம் வரவில்லை. மூன்று வருடத்தில் மாமா நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு ஒரு படம் வேண்டுமென்று அம்மாவும் நானும் அந்த சீடியை மூன்று முறை போட்டுப் பார்த்தோம். ஊர் முழுக்க அதில் இருந்தது. எங்கள் நாய்கூட இருந்தது. கமெரா மேடைப் பக்கம் திரும்பும் இடங்களில் ஒன்றில் மட்டும், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, சனத்தைக் காட்டு என்பதுபோல் அசைந்துவிட்டு மறைந்தது. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டோம்.

மாமா எடுத்த படத்தை அதற்கு முன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் ஏழு இடத்தில் வருகிறேன் என்று எண்ணியும் வைத்திருந்தேன். மாமா எங்கே என்று ஒருநாளும் தேடவில்லை.