கால்வாய்க் கரைத் தும்பை

இங்கிலாந்துக்காரர்கள் காலையில் புதினாவால் பல் துலக்குகிறார்கள்; மத்தியானம் அதே புதினாவை வினிகரில் போட்டு ஆட்டுக்கறிமேல் ஊற்றிக்கொள்கிறார்கள். லீட்ஸுக்கு வந்த புதிதில், பற்பசையில் கறியைத் தோய்த்துத் தின்பது போலவே இருந்தது எனக்கு. புதினா கிடைக்கிற ஊரில் தும்பை கிடைக்காமலா போகும் என்றுதான், எண்பதுகளின் தொடக்கத்தில், என் மனைவி கோமதிக்கு வாக்குக் கொடுத்து அழைத்துவந்தேன். இரண்டும் ஒரே குடும்பம்: சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு வைத்த பூ. கல்லூரியில் எனக்கு ஏறிய தாவரவியல் மொத்தமும் இவ்வளவுதான்.

கோமதி அப்போது மாசமாக இருந்தாள். பிரசவம்வரை திங்கட்கிழமைதோறும் சாமிக்குத் தும்பைப்பூ வைப்பதாக நேர்ந்துகொண்டு விமானம் ஏறியவள். சங்கரன்கோவிலில் ஒரு மழை போதும், குருவிகுளம் சாலையோரமெல்லாம் தும்பை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். இங்கே சில திங்கட்கிழமை வெறும் படத்தைக் கும்பிட்டுப் பார்த்தவள், பெட்டியை இறக்கிவிட்டாள்.

"பூவில்லாத ஊர்ல பிள்ளை பெற மாட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க இங்கனயே இருந்து பல்லு விளக்குங்க."

ஞாயிறு மாலை கால்வாய்க் கரையில் அலைந்தபோது கண்டேன்: வெள்ளையாய், உதடு வைத்த பூ. பாய்ந்து தண்டை உருட்டிப் பார்த்தேன். சதுரம்தான். ஆனால் பிடித்தது பக்கத்துச் செடியை. நம் ஊர்ச் செந்தட்டிக்கு வெள்ளைக்காரச் சகலை. அதற்கும் சதுரத் தண்டு உண்டென்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. கை தீயாய் எரிய நான் குதித்ததைப் பக்கத்து வீட்டு டோரிஸ் அம்மாள் நாயும் தானுமாக நின்று பார்த்தாள். "மனைவி பிள்ளைத்தாய்ச்சி, இது இல்லாமல் விடியாது" என்று என் ஆங்கிலத்தில் புலம்பியபடியே பூவைப் பறித்தேன். மறுநாள் காலை வாசலில் பெரிய முட்டைக்கோஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. வீட்டில் சாப்பாடில்லை, களையைப் பிடுங்கித் தின்கிறோம் என்று முடிவுகட்டியிருக்கிறாள்.

கோமதி பூவைக் கசக்கி மோந்தாள். "இதா தும்பை? நாறுது. வாயப் பொளந்துக்கிட்டு வேற நிக்கி."

"குடும்பம் ஒண்ணுதாம்ட்டி."

"ஒங்க குடும்பமா இருக்கும்" என்றவள் என் வீங்கிய கையைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு, பிரசவ மாதத்தை மனதில் வைத்து, மெதுவாகக் கேட்டாள்: "கார்த்திகை வரைக்கும் பூக்குமா, இது?"

"பூக்கும்" என்றேன், எதுவும் தெரியாமலே.

குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினாள். சங்கரநாராயணர் படத்தில் பெருமாள் பாதிக்கு, அவள் அம்மா மடித்துக் கொடுத்த காய்ந்த துளசி. சிவன் பாதிக்கு, ஈரம் சொட்டுகிற லீட்ஸ் பூ.