எங்களோடு வராத கடன்

அன்று வக்கீல் ஆபீசில், அந்த நீள மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், அரைநாள் லீவு போட்டுவிட்டு மன்ஹாட்டனிலிருந்து ரயில் பிடித்து வந்திருந்த எங்கள் மகள், வக்கீலான ஒரு குஜராத்தி அம்மா, கடன் ஏற்பாடு செய்து கொடுத்த திருநெல்வேலித் தம்பி. ஆறாவதாக, மேசைமேல் கிடந்த போனுக்குள், கோயமுத்தூரிலிருந்து என் நாத்தனார். நல்ல நேரம் முடிவதற்குள் முதல் கையெழுத்து விழுகிறதா என்று பார்க்க அவர் தூக்கத்தை விட்டுவிட்டு லைனில் இருந்தார்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் இன்றுவரை உள்ளங்கை வேர்க்கும். அன்று வேர்த்ததற்கு வேறு காரணமும் இருந்தது. முதல் தாளிலேயே, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண்ணை எனக்குத் தெரியும். அந்த எண்ணிடமிருந்து தப்பிக்கத்தான் வீட்டையே விற்றோம்.

எடிசனில் எங்களுடையது நான்கு அறை வீடு. வட்டி தரையைத் தொட்ட சமயத்தில் பழைய கடனை மாற்றி, இரண்டே முக்கால் சதவீதத்துக்கு வாங்கியிருந்தோம். அந்த ரேட்டைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு பெருமை வரும். கல்யாண வீட்டில்கூடச் சொல்லுவார். பிறகு அவருக்கு வேலை போயிற்று. ஒரு வருஷம் சும்மா இருந்தார். அந்த வருஷத்தில்தான் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கிரெடிட் கார்டுகளில் கடன் ஏறியது. கடைசியில் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்தில். வீட்டுக்கு, வரியெல்லாம் சேர்த்து, மாதம் மூவாயிரத்து நூற்று முப்பது டாலர் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டாயிரத்து ஐநூறுக்குள்ள வந்துட்டா மூச்சு விட்டுக்கலாம்" என்றார் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே. "புள்ளையும் மன்ஹாட்டன் போயிட்டா. நமக்கெதுக்கு நாலு ரூமு? சின்னதா ஒரு டவுன்ஹவுஸ் பாத்துக்கலாம்."

"கடன் என்னாகுங்க?"

"அது நம்ம கூடவே வரும். லண்டன்ல தம்பி மாத்தலையா?"

லண்டனில் இருக்கும் என் கொழுந்தனார் அதற்கு இரண்டு வருஷம் முன்பு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார். "அதே ரேட்ட அப்படியே தூக்கிட்டு வந்துட்டோம்ணா" என்று போனில் சொன்னது எனக்கும் கேட்டது. சோபாவையும் கிரைண்டரையும் போலக் கடனும் லாரியில் ஏறி வரும் என்றுதான் நானும் நினைத்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு, அந்த ஒன்றில் பயமே வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.

வீட்டை வாங்க ஒரு தெலுங்குக் குடும்பம் வந்தது. சின்னக் குழந்தை, அந்தப் பெண்ணின் மாமனார் மாமியார், எல்லாரும் நல்லவர்கள். ஒப்பந்தம் போட்டோம். டவுன்ஹவுசுக்கும் பேசி முடித்தோம். அதற்குப் பிறகுதான் திருநெல்வேலித் தம்பியைப் போய்ப் பார்த்தோம்.

"அப்படி ஒண்ணு இங்க கெடையாதுக்கா" என்றார் அவர். "வீட்ட வித்த அன்னைக்கே அந்தக் கடன் முடிஞ்சிரும். புது வீட்டுக்குப் புதுசாத்தான் வாங்கணும். இன்னைக்கு உள்ள ரேட்டுல."

"கடன் வாங்குனது நாங்கதானே தம்பி? வீடா வாங்குச்சு?"

"நீங்க கேக்கது நியாயம்தான். ஆனா பேங்க்காரன் அத வீட்டு மேலல்லா எழுதி வச்சிருக்கான்."

என் வீட்டுக்காரர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

புது ரேட் ஆறேகால். கடன் தொகை பழையதைவிடச் சின்னது, வட்டியோ இரண்டு மடங்குக்கு மேல். வரி, குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டுகிற மாதப்பணம் எல்லாம் சேர்த்து மூவாயிரம் வந்தது. இரண்டாயிரத்து ஐநூறு அங்கேயே செத்துவிட்டது. ஆனால் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்க முடியாது. வீடு விற்ற பணத்தில் கார்டு கடன்கள் தீரும். நான் ஒரு குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்டால் மிச்சத்தைச் சமாளிக்கலாம். மூவாயிரம்தான் கடைசி எல்லை, அதற்கு மேல் ஒரு டாலர் தாங்காது என்று பேசிக்கொண்டோம். ரேட்டை லாக் செய்யச் சொன்னோம். ஜூலை முடியும்வரை அந்த ஆறேகாலை மாற்ற மாட்டோம் என்று பேங்க் கொடுக்கிற வாக்கு அது.

ஜூலை முதல் வாரம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கையெழுத்து என்று ஏற்பாடு. எங்கள் வீடு விற்ற பணம் வந்தால்தான் டவுன்ஹவுசுக்கு முன்பணம். ஜூன் கடைசியில் தெலுங்குப் பெண் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ் தப்பா எடுத்துக்காதீங்க. மாமய்யா ஆஷாட மாசம் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. ஜூலை இருபத்தி நாலாம் தேதி வரைக்கும் கொத்த இல்லு, புது வீடு, வாங்கக் கூடாதாம்."

சரி என்றோம். வேறென்ன சொல்ல? இருபத்தைந்தாம் தேதி வைத்தாலும் மாதம் முடிய ஒரு வாரம் இருந்ததே. அன்று சாயங்காலமே கோயமுத்தூருக்குப் போன் போட்டு அவர் அக்காவிடம் தேதியைச் சொன்னார்.

"தம்பி, பதினேழாந் தேதி ஆடி பொறக்குது. ஆடியில வீட்ட விட்டு வெளிய வருவாங்களா? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

"அக்கா, பேங்க்ல லாக்குன்னு ஒண்ணு..."

"பூட்டாவது சாவியாவது. அப்பா போனது எந்த மாசம்? நாம வீடு மாறுன ஆடி. அந்த வருசம் நீ பதினொண்ணாவது. மறந்துட்டியா?"

அவர் மறக்கவில்லை. அவருடைய கை, தானாக, சட்டைக்கு மேல் நெஞ்சைத் தடவியது.

வார இறுதிக்கு வந்த மகளிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"வெயிட். அவங்க பேட் மன்த் முடிஞ்சா உங்க பேட் மன்த்தா?" என்றாள். பிறகு போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, இட்ஸ் த சேம் மன்த்! அவங்க நிலாவப் பாத்து எண்றாங்க, நீங்க சூரியனப் பாத்து எண்றீங்க. பேங்க் நடுவுல நிக்குது."

"சிரிக்காத கண்ணு" என்றேன்.

"ஐம் நாட் லாஃபிங், அம்மா. ஐம் டையிங்."

"ஆடியில அந்த வார்த்தையச் சொல்லாத!"

திருநெல்வேலித் தம்பி ஒரு வழி சொன்னார்: "கையெழுத்த மட்டும் போட்ருங்க. பால் காய்ச்சுகத ஆவணியில வச்சுக்கிடலாம்." ஆனால் தெலுங்குக் குடும்பத்துக்கு அவர்கள் இருந்த வாடகை வீடு ஜூலையோடு முடிகிறது. கையெழுத்தான அன்றே நாங்கள் காலி செய்து கொடுக்க வேண்டும். அது ஆடியில் வெளியேறுவதுதானே? நாத்தனாரே இறங்கி வந்து, பதினெட்டாம் பெருக்கன்று செய்யலாம், அது நல்ல நாள் என்றார். பார்த்தால் லாக் முடிந்து மூன்றாம் நாள் வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எந்த வக்கீல் ஆபீசைத் திறப்பார்?

அந்த நாட்களில் நான் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் கொடுத்த நாள்காட்டியின் முன்னால் போய்ப் போய் நின்றேன். தாளைக் கிழிக்கப் பயமாக இருந்தது. கிழிக்காமல் விட்டாலும் நாள் போனது. கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று என் வாயிலிருந்து வந்து, பிறகு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போட வேண்டாம் என்று சொல்லி, மூவாயிரத்தைத் தாண்டிவிட்டால்? அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். இரண்டு பேரும், அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். ஜூலை முடிந்தது. தெலுங்குக் குடும்பம், பாவம், மூன்று வாரம் சொந்தக்காரர் வீட்டு பேஸ்மென்ட்டில் பெட்டிகளோடு இருந்தார்கள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மாமனார்தான் அவர்களுக்கும் காரணம் என்பதாலோ என்னவோ.

ஆவணி பிறந்த முதல் முகூர்த்தத்தில் கையெழுத்து என்று முடிவானது. அதற்குள் ரேட் ஏறி, ஆறே முக்காலையும் தாண்டிக் கொஞ்சம் மேலே போயிருந்தது. மாதத்துக்கு நூற்று முப்பது டாலர் கூடியது.

அப்படித்தான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தோம். வக்கீல் அம்மா தாளைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். மூவாயிரத்து நூற்று முப்பது.

"பழைய வீட்டுக்குக் கட்டுனதேதான்" என்றேன், மெதுவாக.

மகள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேர்வையை அவள் பாவாடையிலேயே துடைத்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? போட்டாச்சா?" என்றது போன். "நேரம் முடியப் போகுது சாமி."

அவர் போட்டார். நானும் போட்டேன். திருநெல்வேலித் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

டவுன்ஹவுசில் இரண்டு அறை. மின்சார அடுப்பில் பால் பொங்க வெகுநேரம் ஆனது. போனில் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் குலவையிட்டார். பொங்கிய திசை கிழக்கு என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நெஞ்சு வலிக்கிறதா என்று என் வீட்டுக்காரரிடம் நான் அன்று நான்கு முறை கேட்டேன். வலிக்கவில்லை. இன்றுவரை வலிக்கவில்லை. ஆடியில் வெளியேறியிருந்தாலும் வலித்திருக்காது என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது காலையில் ஒரு குழந்தையையும் மத்தியானத்திலிருந்து இன்னொன்றையும் பார்த்துக்கொள்கிறேன். அவர் ரேட்டைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. முதல் மாதத் தவணை போன அன்று, மகள் தன் போனில் கடன் கணக்கைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அவ்வளவு கட்டியும் அசலில் இருநூற்று அறுபத்திரண்டு டாலர்தான் குறைந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிச்சத்தை ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். மூன்று லட்சத்துப் பதினோராயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டு டாலர்.