பரீட்சையில் தூங்கிய பேஷண்ட்

ஜெனிட்டா டிராலியைத் தள்ளிக்கொண்டு கட்டிலருகே வந்தபோது பேஷண்ட் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் மேடம் மார்க் ஷீட்டோடு நின்றிருந்தார்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பல வருடங்களாக டியூட்டராக இருக்கிறேன். எங்கள் பிராக்டிகல் தேர்வில் சில வேலைகளுக்கு நிஜ நோயாளி கிடையாது. மாணவி ஒருத்தியே பேஷண்டாகப் படுப்பாள். அன்று ஜெனிட்டாவுக்குச் சீட்டில் வந்தது 'ஆக்குபைடு பெட்'. அதாவது ஆள் படுத்திருக்கும்போதே ஒரு பக்கமாகத் திருப்பி, அடியில் இருக்கும் விரிப்பை மாற்ற வேண்டும்.

ஜெனிட்டா வரதராசன்பேட்டைப் பெண். கெட்டிக்காரி, ஆனால் பரீட்சை என்றால் கை உதறும். போன தடவை அந்த உதறலில் டிரேயைக் கீழே போட்டு ஃபெயில். இந்தத் தடவையும் போனால் ஒரு வருடம் வீண், ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அந்தப் பயத்தில் ஒரு வாரமாக அவளும் தூங்கவில்லை, ரூம்மேட் கௌசல்யாவையும் தூங்கவிடவில்லை. போனில் வீடியோ போட்டு, ஹாஸ்டல் கட்டிலில் அவளை உருட்டி உருட்டிப் பழகியிருக்கிறாள்.

கௌசல்யா பூலாம்பாடிக்காரி, முதல் தடவையிலேயே பாஸானவள். தோழிக்காகவே அன்று பேஷண்டாக வந்தாள். காலையில் என்னிடம், "இன்னிக்கு வெள்ளிக்கிழம மேடம், சிறுவாச்சூர்ல அம்மன் கோயில் தொறந்திருக்கும். எங்கம்மாவ வேண்டிக்கச் சொல்லிருக்கேன். ஜெனிட்டாவோட அம்மா ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டாங்க. எப்படியும் தேறிடுவா" என்றாள். இரண்டு பக்கமும் ஏற்பாடு பலம்தான். தூக்கத்துக்குத்தான் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. மெத்தை, மேலே ஃபேன், டிராலி அடுக்கி முடிக்கும்வரை சும்மா படுத்திருக்கும் வேலை. தூங்காமல் என்ன செய்வாள்?

"ம், ஆரம்பி" என்றார் எக்ஸ்டர்னல். வெளியூர்க்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஜெனிட்டா குனிந்து கௌசல்யாவின் முகத்தைப் பார்த்தாள். உலுக்கி எழுப்புவாள் என்று நினைத்தேன். அவளோ கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம், பேஷண்ட் தூங்குறாங்க. இப்ப மாத்த முடியாது."

அடிப்பாவி, கெடுத்தாயே என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

"ஏன் முடியாது?"

"விரிப்பு ஈரமில்ல, அழுக்கும் இல்ல மேடம். அவசரமில்லாத வேலைக்குத் தூங்குறவங்கள எழுப்பக் கூடாதுல்ல."

"இது எக்ஸாம், தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா இவ நெசமாவே தூங்குறா. ஒரு வாரமா என்னாலதான் தூங்கல. பாவம் மேடம்."

எக்ஸ்டர்னல் அவளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீங்க படுங்க."

"நானா மேடம்?"

"ஒரு பேஷண்ட் தூங்கினா அடுத்த பேஷண்ட்டப் பாக்கணும். வார்டுல அப்படித்தானே?"

அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் புடவையைச் சரிசெய்துகொண்டு பக்கத்துக் கட்டிலில் ஏறிப் படுத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களை முறைக்கக்கூட வழியில்லை. பேஷண்ட் முறைக்கக் கூடாது.

"விரிப்பு மாத்தப் போறேங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?" என்றாள் ஜெனிட்டா. கௌசல்யா விழித்துவிடக் கூடாதென்று குரல் கிசுகிசுவென்று வந்தது. தோளிலும் இடுப்பிலும் அவள் கை பட்டபோது கவனித்தேன்: உதறல் இல்லை. நொடிக்கொருதரம் பக்கத்துக் கட்டிலை எட்டிப் பார்த்தபடியே விரிப்பைச் சுருட்டினாள், புதியதை விரித்தாள், மூலைகளை மடித்துச் செருகினாள். தனக்காகப் பயப்பட அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பாஸ்" என்று எக்ஸ்டர்னலும் கிசுகிசுத்தார். கைதட்டப் போன பிள்ளைகளை ஜெனிட்டா உதட்டில் விரல் வைத்து அடக்கினாள்.

அன்றிலிருந்து பிராக்டிகலுக்கு முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைகள் பழகும் ஸ்கில் லேபைப் பூட்டிவிடுகிறேன். போய்த் தூங்குங்கள், அதுவும் படிப்புதான் என்று விரட்டுகிறேன். கட்டிலைக் கண்டதும் கண்ணயர்ந்துவிடுகிறவளை நம்பி எந்த நோயாளியையும் ஒப்படைக்க முடியாது என்பது அன்று எனக்கு நன்றாக உறைத்தது.

கௌசல்யா மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கண் விழித்தாள். ஜெனிட்டா எதிரே நிற்பதைக் கண்டதும் பதறி ஒரு பக்கமாகப் புரண்டு படுத்து, "ம், மாத்துடி" என்றாள்.