அண்ணாச்சியின் சிவப்புக் கிதார்

மிளகாய் வற்றல் காயும் களம் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சிவப்பு அந்தக் கிதாருக்கு. வலது முழங்கை உரசும் இடத்தில் மட்டும் சாயம் போய் மரம் தெரியும். தூத்துக்குடிக்கு வந்த ஒரு கப்பல்காரரிடம் அண்ணாச்சி வாங்கியது; வாங்கும்போதே பழசு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் அதை வாசிக்க, பக்கத்தில் நின்று நான் ஒரு சாதாரணக் கிதாரைத் தட்டிக்கொண்டிருப்பேன். கரண்டில் வாசிக்கிற கிதார் கோவில்பட்டி வட்டாரத்திலேயே அது ஒன்றுதான் என்று எங்களுக்குக் கர்வம். அதன் மேல் எனக்கிருந்த ஆசை குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

கரிசலில் கச்சேரி செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்குப் பிளந்துவிடும். அதில் அடித்த எர்த் கம்பி மண்ணைத் தொடாமல் சும்மா நிற்கும். மைக்செட்டில் கசியும் கரண்டு வாசிக்கிறவனைப் பிடித்துவிடும். அதனால் கம்பியடியில் ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மேடை ஏறுவோம். ஊற்றுவது என் வேலை. "ஏலே, ஊத்தியாச்சா?" என்று கேட்காமல் அண்ணாச்சி கிதாரைத் தொடமாட்டார்.

மழை பொய்த்த ஒரு வருஷம் பசுவந்தனையில் ஒரு கல்யாணக் கச்சேரி. சாயங்காலம், கிணற்றடியில் பெண்கள் காலிக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். மண்ணில் கொட்ட ஒரு குடம் தாருங்கள் என்று அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவைதானே என்று திரும்பி வந்தேன். "ஊத்தியாச்சு அண்ணாச்சி" என்றேன். இரண்டாவது பாட்டில் மைக்கைச் சரிசெய்ய அவர் வலது கையை நீட்டினார். இடது கை கிதார்க் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இடது கையில் மூன்று விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. "மண்ணு அம்புட்டுக் காஞ்சு கெடந்திருக்கு. ஊத்துன ஒரு குடம் பத்தல" என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவரே சமாதானம் சொன்னார். நான் பாவி, கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, ஆள் அனுப்பினார். போனபோது, "அவிய ரெண்டு நாளா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்காவ" என்றார். அண்ணாச்சி கிதாரைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"மதுரைக்காரன் ஒருத்தன் கேக்கான். அவன் தண்ணி ஊத்துவானோ என்னமோ. நீ ஊத்துவ. ஒன்னால முடிஞ்சதக் குடுத்துட்டு எடுத்துக்கோலே."

உண்மையைச் சொல்லிவிட்டு வாங்கியிருக்கலாம். சொல்லாமலும் வாங்கியிருக்கலாம். எனக்கு இரண்டுக்கும் தைரியம் இல்லை. "கழுத்து வளஞ்சிருக்குல்லா அண்ணாச்சி" என்று இல்லாத குறை ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கிதாரை மதுரைக்காரர் கொண்டுபோனார். அண்ணாச்சி போய்ச் சேரும்வரை அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் என் மகன் போனில் பழைய சிவப்புக் கிதார் ஒன்றின் படத்தைக் காட்டி, "வாங்கட்டுமாப்பா?" என்றான். படத்தைப் பெரிதாக்கி, முழங்கை படும் இடத்தைத் தேடினேன். சாயம் அப்படியே இருந்தது. அது இல்லை. "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய், வீட்டு எர்த் கம்பியடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மூன்று நாள் மழையில் அங்கே மண் ஏற்கெனவே சொதசொதவென்று கிடந்தது.