ஓவராயில்

தலைதீபாவளிக்கு என் மாமனார் எனக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஸ்கூட்டர் தருவார் என்று நான் எதை வைத்து நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் பதில் கிடைக்கவில்லை. அவர் சொல்லவில்லை, என் மனைவி சொல்லவில்லை, தரகர்கூடச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்காமல் ஆபீசில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். அதுதான் வினை.

அது எண்பதுகளின் கடைசி. மாமனாருக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை, ஃபிட்டர். பாஸில் மெட்ராஸ் போய், கடை கடையாக ஏறி இறங்கி, அந்த சைக்கிளைச் சாக்கில் சுற்றி, ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக் வேனில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தடித்தடியான டயர், டயர் முழுக்கப் பொத்தான் பொத்தானாக ரப்பர். நேரான ஹேண்டில் பார். பின் சக்கரத்தில் அடுக்கடுக்காக ஐந்து பல்சக்கரம்.

"மலை ஏறுற சைக்கிள் மாப்பிள்ளை. அஞ்சு கியர். திருச்சியில இன்னும் நாலு பேர்கிட்டகூட இருக்காது" என்றார்.

திருச்சியில் மலை என்று இருப்பது ஒன்று. அதற்கும் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் குடியிருந்த ஸ்ரீரங்கமோ உள்ளங்கை மாதிரி தட்டை. இவர் என்னை மரியாதை செய்கிறாரா, மட்டம் தட்டுகிறாரா? சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் காதில் விழட்டும் என்றே, "எங்க வீட்டுல எங்க அப்பா காலத்துலயே சைக்கிள் இருந்துச்சு" என்றேன். இலைமுன் எல்லோரும் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள். மாமனார் மட்டும் சிரித்துக்கொண்டே, "அது வேற, இது வேற மாப்பிள்ளை" என்றார். அவருக்கு உறைத்ததா இல்லையா என்று அன்று எனக்குப் புரியவில்லை. உறைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டேன், அதுதான் வசதி.

ஆபீசில் கேட்க வேண்டுமா? "என்ன சார், பழனி மலைக்கு சைக்கிள்லயேவா?" என்றார்கள். ஒரு வாரம் ஓட்டினேன், பிறகு டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் போர்ஷனின் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சைக்கிள் நின்றது. மழையில் நனைந்தது, அதன்மேல் பாவாடை காய்ந்தது. மாமனார் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வருவார். வந்ததும் முதலில் கொல்லைக்குப் போய்விட்டுத்தான் உள்ளே வருவார்.

"அப்பாகிட்ட விடுங்களேன், அவர் பார்த்துப் பார்த்துத் துடைச்சுக் கொடுப்பாரு" என்பாள் மனைவி.

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்பேன். கை இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தூங்குகிறேன் என்று நினைத்து மாமனார் மகளிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மாப்பிள்ளைக்கு அந்த சைக்கிள் புடிக்கலை போலம்மா. செயினெல்லாம் துரு. நான்தான் தப்பா வாங்கிட்டேனோ என்னமோ." குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டு விட்டிருப்பேன். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த முறை அவர் வருவதற்குள் சைக்கிளைப் பளபளவென்று ஆக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

தெருமுனை சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின் சக்கரத்துப் பல்சக்கரங்களை விரலால் தொட்டுப் பார்த்து, விரலை எடுத்துக்கொண்டார். "ஓவராயில் பண்ணணும்ங்க. விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஓவர் ஆயில். எண்ணெய் அதிகமாக விட வேண்டும், அவ்வளவுதானே? எண்ணெய் விட எதற்கு இரண்டு நாள்? ஆபீஸ்காரன் என்றால் இளிச்சவாயன் என்று நினைப்பு. "நானே பண்ணிக்கிறேன்" என்று திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பி.ஏ. படித்தவன் நான். அந்த வார்த்தையை இங்கிலீஷில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சைக்கிள் கடை வாசலில் அது வேறு வார்த்தையாகக் காதில் விழுந்தது.

அவர் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். சீட்டும் ஹேண்டில் பாரும் தரையில் படும்படி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். நிறுத்திய பிறகு எனக்கு வலது எது, இடது எது என்றே குழம்பிவிட்டது. கியர் கம்பி என்று நினைத்து ஒன்றைத் திருகினால் பிரேக் இறுகியது. பெடலைச் சுற்றினால் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவியது. ஏன் தாவியது, எப்படித் திரும்பி வந்தது, இரண்டுமே தெரியவில்லை. டயர் பொத்தான்களுக்கு நடுவில் இறுகியிருந்த மண்ணை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். பழைய டூத் பிரஷ், துணி சோப்பு, கிழிந்த பனியன். செயினைக் கழுவ மண்ணெண்ணெய் கேட்டேன்.

"ரேஷன்ல வாங்கினது ஸ்டவ்வுக்கே பத்தலை. சைக்கிளுக்காம்" என்று மனைவி டின்னை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, துடைத்தவரை போதும் என்று எண்ணெய் விடத் தொடங்கினேன். தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி ஒன்று செயினோடும் பல்சக்கரத்தோடும் தீர்ந்துவிட்டது. ஓவர் ஆயில் என்றால் இது போதுமா? போதாது. அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன்.

"அது தலைக்கு வாங்கினதுங்க."

"உங்கப்பா வர்றப்ப சைக்கிள் மின்ன வேணாமா?"

அவள் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். பனியனை எண்ணெயில் நனைத்து ஃபிரேம், ஸ்போக்ஸ், இரண்டு சக்கரத்தின் ரிம், பிரேக் கட்டை என்று ஒன்று விடாமல் தேய்த்தேன். பிரேக்கைப் பிடித்தால் அதுவரை கிறீச்சென்று கத்தும். எண்ணெய் விட்டதும் சத்தம் போன இடம் தெரியவில்லை. கடைக்காரருக்கு இரண்டு நாள், எனக்கு இரண்டு மணி நேரம் என்று எனக்குள்ளேயே ஒரு பெருமை.

மாமனாரும் மாமியாரும் பத்து மணிக்கு வந்தார்கள். கொல்லைக்குப் போனவர் சைக்கிளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "நீங்களா மாப்பிள்ளை?" என்றார். பிறகு, அந்த ஒரு வருஷத்தில் கேட்காததைக் கேட்டார். "பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?"

"போயிட்டு வாங்க மாமா, இதுல என்ன இருக்கு" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது கையை இடது கையால் தாங்கியிருந்தார். ஆட்டோவின் பின்னால் கட்டியிருந்த சைக்கிளின் முன் சக்கரம் வளைந்திருந்தது. காவிரிப் பாலத்திலிருந்து மாம்பழச்சாலைப் பக்கம் இறங்கும்போது எதிரே டவுன் பஸ், ஒதுக்கினேன், மணல் குவியலில் ஏறி விழுந்தேன் என்றார். மாமியார் அழுதார். "கியர் போடத் தெரியாம போட்டுட்டேன். என் தப்புதான்" என்று மாமனார் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். என்னை மட்டும் பார்க்கவில்லை. மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு ஆறு வாரம். பிரித்த பிறகும் பழைய பிடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருந்த ஃபிட்டருக்கு வலது கை.

மறுநாள் சாயங்காலம் சக்கரத்தின் கோட்டம் எடுக்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் பிரேக் கட்டையைக் கழற்றி, நசுக்கி, முகர்ந்து பார்த்தார். "யாருங்க இது, பிரேக்குக்குத் தேங்காய் எண்ணெய் விட்டது? ஆளைக் கொல்றதுக்கா?"

"ஓவராயில்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓவராயில்னா எல்லாத்தையும் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, பேரிங் குண்டெல்லாம் மாத்தி, கிரீஸ் வெச்சு மாட்டுறதுங்க. ரிம்முல ஒரு சொட்டு பட்டாலே பிரேக் புடிக்காது." அவர் அன்று சொன்னது ஓவர்ஹால் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "ஆனா ரிம் சுத்தமா இருக்கே. கட்டையில சொதசொதன்னு எண்ணெய், ரிம்மை மட்டும் யாரோ துடைச்சிருக்காங்க" என்றார்.

நான் துடைக்கவில்லை. பிறகு யார்? ஆட்டோக்காரரா? எதற்கு? வீடு வரை யோசித்தும் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றே ஒன்று. அவர் கையை உடைத்தது நான். அதை யாரிடம், எப்படிச் சொல்வது? அடுத்த மூன்று வாரமும் ஞாயிறு தவறாமல் பொன்மலைக்குப் போனோம். சொல்ல வேண்டும் என்று போவேன், சொல்லாமல் திரும்புவேன். அவரும் வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு பெண்கள் இருவரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். மாமனார் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொத்தான், அதுவும் மாட்டவில்லை. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மாமா, பிரேக் புடிக்காம போனது என்னாலதான். ரிம்முல நான்தான் எண்ணெய் தடவினேன்."

"தெரியும்" என்றார். "விழுந்து எந்திரிச்சதும் ரிம்முல விரல் வெச்சுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை. கைக்குட்டையால ரெண்டையும் துடைச்சுட்டுத்தான் ஆட்டோவுல ஏறினேன்."

"உடைஞ்ச கையோடயா? எதுக்கு மாமா?"

"என் மக பார்த்துடக் கூடாதுன்னுதான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் பார்த்தால் என்ன? நான் எண்ணெய் விட்டது அவளுக்குத்தான் தெரியுமே. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வேணும்னே பண்ணலைல்ல மாப்பிள்ளை?"

அந்தக் கேள்வி எனக்கு உடனே உள்ளே இறங்கவில்லை. இறங்கியபோது கோபம் வரும் என்று நினைத்தேன். எதற்கெல்லாமோ வருகிற கோபம். வரவில்லை. மூன்று வாரமாக அந்த மனிதர் இப்படி நினைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் எனக்குச் சாப்பாடு போட்டு, தன் மகளை என்னோடு அனுப்பிவைத்திருக்கிறார். அவர் அப்படி நினைத்ததில் தப்பு என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? ஒரு வருஷமாக நான் அவருக்குக் காட்டியதை வைத்துத்தானே அவர் நினைக்க முடியும்.

"இல்ல மாமா. சத்தியமா தெரியாம பண்ணிட்டேன்" என்றேன்.

"சரி" என்றார். இடது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, விடுங்க."

பக்கத்தில் போய் அவர் சட்டைப் பொத்தான்களை நான் போட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள். "கை உடைஞ்சதுலேர்ந்து ஒவ்வொரு வாரமும் நாம கிளம்புறப்ப அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, மாப்பிள்ளை உன்னை நல்லா வெச்சுக்கிறாரா, பயமில்லாம இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாருங்க. இன்னைக்கு மட்டும் கேக்கலை. ஏன்னு தெரியலை."

"எனக்கும் தெரியலையே" என்றேன்.