எல்லப்பண்ணன் வூட்டுக்கு விருந்தாளியா போனேன்

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்ட்ல பல வருஷமா படுத்துட்டிருந்த எல்லப்பண்ணனைத் தெரியும்ல? கடைக்காரங்க நாங்க சேர்ந்து ஒரு ரூம் பிடிச்சு, நேத்து சாயங்காலம் அவரை அங்க குடி வெச்சோம்.

முன்னாடி ஒரு தடவை வாணியம்பாடி காப்பகத்துல விட்டப்ப, மறுநாள் முதல் பஸ்லயே திரும்பி வந்துட்டார். அதனால இன்னிக்குக் காலைல பயந்துட்டேதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் படுக்கற பெஞ்ச் காலியா இருந்துச்சு. ரூம்லதான் இருக்காரா, இல்ல வேற எங்கயாவது போய்ட்டாரான்னு தெரியல.

நேரா ரூமுக்குப் போனேன். கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு. தட்டினேன்.

"யாரு?"

"நான்தாண்ணே, ஜெராக்ஸ் கடை குமார்."

"இன்னா விஷயம்?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"குளிச்சிட்டு இருக்கேன். இருங்க தம்பி."

வெளியவே நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, தலை சீவி விபூதி பூசிக்கிட்டு கதவைத் திறந்தார். சந்தோஷத்துல அப்படியே உள்ள கால் வெச்சுட்டேன்.

"செருப்ப வெளிய வுடுங்க தம்பி. இப்பதான் பெருக்கினேன்."

விட்டுட்டு வந்தேன். பாய் போட்டு உக்கார வெச்சார்.

பஸ் ஸ்டாண்ட்ல யார் யாரோ அவர் தலைமாட்டுல வந்து உக்காருவாங்க, வெத்தலை எச்சி துப்புவாங்க. ஒருத்தரையும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தார். "அடுத்த தபா போன் பண்ணிட்டு வாங்க. வூட்ல ஆள் இருக்கணுமில்ல."

அவர்கிட்ட போன் கிடையாது. எந்த நம்பருக்குப் பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.